கணக்கில் துடிக்கும் இதயம்



இதயத்தைப் பற்றிப் பாடாத பாட்டு இல்லை. ஆனால், அந்த இதயம் எப்படித் துடிக்கிறது, துடிக்கும்படி அதற்குக் கட்டளையிடுவது யார் என்று கேட்டால் நம்மில் பலர் சற்றுத் தயங்குவோம். இன்றைய உரையில் அதைப் பார்ப்போம். இதயத்தின் மின்னோட்டத்தைக் கணினியில் கணக்காக எழுதி, அந்தக் கணக்கையே ஓர் இதயம்போல் துடிக்கவைக்கும் மென்பொருள்களைப் பற்றியும் பார்ப்போம். கணினி என்றதும், 'இது பெரிய படிப்புப் படித்தவர்களின் சங்கதி' என்று வானொலியை மூடிவிடாதீர்கள். சளிக்கும் தும்மலுக்கும் நாம் விழுங்கும் சிறு மாத்திரை வரைக்கும் வந்து நிற்கிற சங்கதி இது.

முதலில் உங்கள் இடக்கை மணிக்கட்டில், பெருவிரலுக்குக் கீழே, வலக்கையின் இரண்டு விரல்களை வைத்துப் பாருங்கள். மெல்லிய அடி ஒன்று தெரிகிறதல்லவா? ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 72 முறை என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளில் ஒரு லட்சம் முறைக்கு மேல் வருகிறது. மாணவச் செல்வங்கள் 72-ஐ 60-ஆலும், பிறகு 24-ஆலும் பெருக்கிச் சரி பார்த்துக்கொள்ளலாம். நாம் உறங்கினாலும் இதயம் உறங்குவதில்லை.

இந்த வேலை ஒழுங்காக நடப்பதற்குக் காரணம் மின்சாரம். சுவரில் உள்ள மின்சாரம் அன்று. நம் உடலே உண்டாக்கிக்கொள்ளும் மிக மெல்லிய மின்சாரம். இதயத்தின் வலப்பக்க மேலறையில் ஒரு சிறு தசைக்கணு இருக்கிறது. ஆர்தர் கீத், மார்ட்டின் ஃப்ளாக் என்னும் இருவர் 1907-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அதைக் கண்டறிந்து எழுதினார்கள். தோட்டத்தில் விடியுமுன் அடிக்கும் பெரட்டு மணி போன்றது இந்தக் கணு. மணி அடித்ததும் ஆட்கள் களத்தில் கூடி, பிறகு தத்தம் வெட்டுக்குப் பிரிந்து போகிறார்கள் அல்லவா? அதுபோல இந்தக் கணு எழுப்பும் மின்துடிப்பு மேலறைகளில் பரவி, நடுவே உள்ள இன்னொரு கணுவில் வந்து கூடுகிறது. இதை ஆராய்ந்து 1906-இல் எழுதியவர், ஜெர்மனியில் பயின்ற ஜப்பானியரான சுனாவோ தவாரா. இங்கே மின்துடிப்பு ஒரு விநாடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நேரம் தாமதிக்கிறது. அந்தத் தாமதம் வீண் தாமதம் அன்று. மேலறைகள் தங்கள் இரத்தத்தைக் கீழறைகளுக்குத் தள்ளி முடிக்கக் கொடுக்கப்படும் அவகாசம் அது. அதன் பிறகு, நார்களால் ஆன பாதைகள் வழியே மின்துடிப்பு கீழறைகள் முழுவதும் பாய்கிறது. கீழறைகள் ஒருசேரச் சுருங்கி, இரத்தத்தை உடலெங்கும் அனுப்புகின்றன.

இந்த மெல்லிய மின்சாரத்தை உடலின் வெளியிலிருந்தே அளக்க வழி செய்தவர் வில்லெம் ஐந்தோவன் என்னும் டச்சு அறிஞர். இவர் பிறந்த இடம் நமக்கு அண்டை நிலம்தான். 1860-இல் ஜாவாத் தீவில் செமாராங் நகரில் பிறந்து, ஹாலந்தில் லைடன் நகரில் பேராசிரியராக இருந்தார். 1901-ஆம் ஆண்டில் இவர் அமைத்த கருவி ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரியது. நோயாளி தம் இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்ப் பாத்திரங்களில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்க வேண்டும். இதற்காக 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று மருத்துவமனையில் மார்பிலும் கை கால்களிலும் கம்பிகளை ஒட்டி, தாளில் மலைமலையாகக் கோடு வரைகிறார்களே, இ.சி.ஜி. என்று, அது அந்தக் கருவியின் பேரப்பிள்ளை.

ஆனால், இ.சி.ஜி. என்பது லயத்து வீட்டுக்கு வெளியே நின்று உள்ளே நடக்கும் பேச்சைக் கேட்பது போன்றது. சண்டை நடக்கிறது என்பது தெரியும். யார் எதற்காகத் தொடங்கினார் என்பது தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒவ்வோர் உயிரணுவின் உள்ளேயும் போய்ப் பார்க்க வேண்டும்.

இதயம் கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவும் மெல்லிய தோல் போர்த்திய சிறு வீடு. அந்தத் தோலில் கண்ணுக்குத் தெரியாத பல கதவுகள் உண்டு. நாம் சமையலில் போடும் உப்பில் உள்ள சோடியம், வீட்டுக்கு வெளியே மிகுதியாக இருக்கிறது. இளநீரில் நிறைய உள்ள பொட்டாசியம், வீட்டுக்கு உள்ளே மிகுதியாக இருக்கிறது. இரண்டுமே மின்னூட்டம் தாங்கிய துகள்கள். உயிரணு ஓய்வாக இருக்கும்போது உள்ளுக்கும் வெளிக்கும் இடையே ஏறக்குறைய 90 மில்லிவோல்ட் மின்னழுத்த வேறுபாடு நிற்கிறது. கைவிளக்கில் போடும் ஒன்றரை வோல்ட் பேட்டரியில் பதினாறில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். பக்கத்து வீட்டிலிருந்து மின்துடிப்பு வந்து தட்டியதும் சோடியக் கதவுகள் சட்டென்று திறக்கின்றன, சோடியம் உள்ளே பாய்கிறது, மின்னழுத்தம் ஏறுகிறது. பின்னர் கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்து உள்ளே வந்து, தசையைச் சுருங்கச் செய்கிறது. கடைசியாகப் பொட்டாசியம் வெளியேற, வீடு மீண்டும் ஓய்வு நிலைக்குத் திரும்புகிறது. இவ்வளவும் ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் நடந்து முடிகிறது.

இந்தக் கதவுகளின் போக்கைக் கணக்காக எழுத முடியும் என்று முதலில் காட்டியவர்கள் ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரு ஹக்ஸ்லி என்னும் இரு ஆங்கிலேயர்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது இதயத்தை அன்று, கணவாயை. நம் சந்தையில் சோத்தோங் என்று விற்கிறார்களே, அதன் இனம்தான். கணவாயின் உடலில் தையல் நூல் அளவுக்குத் தடித்த நரம்பு ஒன்று உண்டு. அதனுள் மின்கம்பியை நுழைத்து அளக்கலாம். அளந்ததைக் கொண்டு 1952-இல் தங்கள் சமன்பாடுகளை வெளியிட்டார்கள். அந்தச் சமயத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி கிடைக்காமற் போகவே, ஹக்ஸ்லி கைப்பிடியைச் சுற்றும் கணக்குப்பொறி ஒன்றை வைத்துக்கொண்டு, விநாடியில் ஆயிரத்தில் சில பங்கே நீடிக்கும் ஒரு துடிப்பை நாள்கணக்கில் சுற்றிச் சுற்றிக் கணக்கிட்டார். 1963-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அது என்ன கணக்கு? குடும்பத்தின் வரவு செலவுப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கையிருப்பு இவ்வளவு, வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, எனவே, புதிய கையிருப்பு இவ்வளவு. உயிரணுவின் கணக்கும் அப்படித்தான். மின்னழுத்தம் கையிருப்பு, உள்ளே வரும் சோடியமும் கால்சியமும் வரவு, வெளியே போகும் பொட்டாசியம் செலவு. ஆனால், இங்கே ஒரு விந்தை உண்டு. கையிருப்பு எவ்வளவு என்பதைப் பார்த்துத்தான் கதவுகள் திறப்பதும் மூடுவதும். ஆகவே, ஒவ்வொரு நொடிப்பொழுதும் கையிருப்பு வரவு செலவை மாற்றுகிறது. வரவு செலவு கையிருப்பை மாற்றுகிறது. விநாடியை ஆயிரக்கணக்கான கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறுக்கும் இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். மனிதனுக்கு அலுப்புத் தட்டும் வேலை. கணினிக்கோ அலுப்பு என்பதே இல்லை.

இதயத்துக்கு இந்தக் கணக்கைக் கொண்டுவந்தவர் டெனிஸ் நோபிள். 1960-ஆம் ஆண்டில் இவர் லண்டனில் பட்ட ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த இளைஞர். கணவாயின் நரம்பில் மின்துடிப்பு விநாடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்கில் முடிந்துவிடுகிறது. இதயத்தில் மட்டும் அது ஏன் நூறு மடங்குக்கு மேல் நீடிக்கிறது என்பதே அவர் கேள்வி. லண்டன் பல்கலைக்கழகத்தில் அப்போது மெர்க்குரி என்ற கணினி ஒன்று இருந்தது. பகலெல்லாம் மற்றத் துறையினர் அதற்காகக் காத்திருந்தார்கள். இவருக்குக் கிடைத்த நேரம் அதிகாலை 2 மணி முதல் 4 மணி வரை. நம் பால் வெட்டுக்காரர்கள் அந்த நேரத்தின் அருமையை அறிவார்கள். அது முடிந்ததும் ஆட்டு இதயங்கள் வாங்க இறைச்சிக்கூடத்துக்குப் போவார். பகலில் அவற்றில் அளந்து பார்ப்பார். போதிய கணிதமும் நிரல் எழுதும் முறையும் அவருக்கு முதலில் தெரியாது; தேவை வந்தபோது கற்றுக்கொண்டார்.

கணக்குச் சொன்ன விடை இதுதான். மின்னழுத்தம் ஏறியதும் பொட்டாசியக் கதவுகளில் ஒரு வகை, திறப்பதற்குப் பதிலாக மூடிக்கொள்கிறது. செலவு குறைவதால் கையிருப்பு நீடிக்கிறது. வேறொரு வகைக் கதவு மெல்ல மெல்லத் திறந்த பிறகே துடிப்பு முடிகிறது. முடிந்த பிறகு அந்தக் கதவு மெல்ல மூட, மின்னழுத்தம் தானாக ஏறி அடுத்த துடிப்பு பிறக்கிறது. 'துடி' என்று அவர் நிரலில் எந்த இடத்திலும் எழுதவில்லை. கதவுகளின் கணக்கை மட்டுமே எழுதினார். துடிப்பு தானாக வந்தது. கணினிக்குள் முதன்முதலாகத் துடித்த இதய உயிரணு அது.

இனி, ஒரு வீட்டிலிருந்து ஊருக்குப் போவோம். ஓர் உயிரணு சரியாகத் துடித்தால் இதயம் முழுவதும் சரியாகத் துடிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. இங்கேதான் உயிருக்கு ஆபத்து வருகிறது.

லாலாங் புல் எரிவதைப் பார்த்திருப்பீர்கள். தீ ஒரு வரிசையாக முன்னே போகிறது. எரிந்த இடம் உடனே மறுபடியும் எரியாது. புல் முளைத்து வளர வேண்டும். இதயத்தில் மின்துடிப்பு பரவுவதும் இப்படித்தான். துடித்து முடித்த தசைக்குச் சிறிது நேரம் ஓய்வு வேண்டும்; அதற்குள் எத்தனை முறை தட்டினாலும் திறக்காது. ஆகவே, நல்ல இதயத்தில் மின்துடிப்பு ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் அணைந்துபோகிறது. ஆனால், முன்னர் மாரடைப்பு வந்த இதயத்தில் இறந்துபோன தசை தழும்பாக நிற்கிறது. அதைப் புல்வெளியின் நடுவே கிடக்கும் பாறை என்று வைத்துக்கொள்ளுங்கள். தீ பாறையைச் சுற்றிக்கொண்டு போகிறது. அது மெதுவாகப் போனால், சுற்றி வருவதற்குள் பின்னால் புல் வளர்ந்துவிடும். தீ மறுபடியும் அதே வட்டத்தில் போகும். இப்படிச் சுற்றிச் சுற்றி எரியும் தீக்கு முடிவே இல்லை. பெரட்டு மணியை யாரும் கேட்பதில்லை. இதயம் கன்னாபின்னாவென்று துடித்து, பிறகு வெறுமனே நடுங்குகிறது, இரத்தம் ஓடுவதில்லை. சில நிமிடங்களில் உயிர் போய்விடும். நன்றாக இருந்த மனிதர் திடீரென்று சாய்ந்தார் என்று கேள்விப்படும் சாவுகளில் பலவற்றுக்குக் காரணம் இதுவே. மார்பில் மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி, எல்லாப் புல்லையும் ஒரே நேரத்தில் எரித்துவிடுவது போலச் செய்து, மணி மீண்டும் கேட்க வழி விடுகிறது.

மருத்துவ உலகம் மறக்க முடியாத ஒரு பாடத்தை இப்போது சொல்கிறேன். 1980-களில் மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்திருந்தார்கள். மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களின் இ.சி.ஜி.யில் இடையிடையே தப்புத் துடிப்புகள் தெரிந்தால், அவர்கள் திடீரென்று இறக்கும் வாய்ப்பு அதிகம். அப்படியானால், தப்புத் துடிப்பை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் உயிர் பிழைக்கும் அல்லவா? என்கைனைடு, ஃப்ளெக்கைனைடு என்னும் மருந்துகள் அந்தத் துடிப்புகளை அழகாக அடக்கின. பலருக்கும் அவை கொடுக்கப்பட்டன. எனினும், உண்மையிலேயே உயிரைக் காக்கின்றனவா என்று பார்க்க அமெரிக்காவில் பெரிய சோதனை ஒன்று தொடங்கியது. 1989-இல் இந்த இரு மருந்துகளின் சோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. 1991-இல் வெளிவந்த கணக்கு இது: மருந்து உண்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள், மருந்தில்லாத வெறும் மாத்திரை உண்ட 743 பேரில் 26 பேர் இறந்திருந்தார்கள். தாளில் கோடு சீரானது, ஆள் போய்விட்டார்.

எப்படி இது நடந்தது? இந்த மருந்துகள் சோடியக் கதவுகளை அடைக்கின்றன. தனியொரு தப்புத் துடிப்பு தொடங்குவதை அது தடுக்கும், உண்மைதான். ஆனால், பரவும் தீயின் வேகத்தையும் அது குறைக்கிறது. பாறை கிடக்கும் புல்வெளியில் தீ மெதுவாகப் போனால் என்ன ஆகும் என்று சற்று முன்பு பார்த்தோமே, அதுதான். ஃப்ளெக்கைனைடு கெட்ட மருந்து என்று சொல்ல வரவில்லை. தழும்பில்லாத இதயங்களில், சில கோளாறுகளுக்கு அது இன்றும் பயன்படுகிறது. எந்த இதயத்துக்கு எது என்பதுதான் கேள்வி. 2011-இல் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த கோலின் கிளான்சியின் குழுவினர், மருந்து சோடியக் கதவைப் பற்றும் விதத்தைக் கணினி இதயத்தில் எழுதி ஓட்டிப் பார்த்தார்கள். ஃப்ளெக்கைனைடு எந்த அளவில் கோளாறை மிகுதியாக்கும் என்பதைக் கணக்கே காட்டியது. லிடோக்கைன் என்னும் இன்னொரு மருந்து அப்படிச் செய்யாது என்பதையும் காட்டியது. இந்தக் கணக்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே கைக்கு வந்திருந்தால்?

நேயர்களே, கணினி இதயத்தின் பயன் இங்கேதான் இருக்கிறது. மனிதரின் இதயத்தில் தவறு செய்து பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. கணக்கில் உள்ள இதயத்தில் ஆயிரம் முறை தவறு செய்து பார்க்கலாம். அது நின்றுபோனால் மறுபடியும் முதலிலிருந்து ஓட்டலாம். யார் வீட்டிலும் அழுகுரல் கேட்காது.

இதய நோய் மருந்துகள் மட்டும்தான் இதயத்தைத் தொடும் என்றும் எண்ண வேண்டாம். டெர்ஃபெனடின் என்று ஒரு மாத்திரை இருந்தது. தும்மலுக்கும் மூக்கில் நீர் ஒழுகுவதற்கும், தூக்கம் வராத நல்ல மாத்திரை என்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் உண்டார்கள். தனியாக, சொன்ன அளவில் உண்டபோது பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. ஆனால், எரித்ரோமைசின் என்னும் கிருமிக்கொல்லியோடோ, கீட்டோகோனசோல் என்னும் பூஞ்சை மருந்தோடோ சேர்ந்தபோது கல்லீரல் அதைக் கரைக்க முடியாமல் திணறியது. பம்பளிமாசுக்கு உறவான கிரேப்புரூட் பழச்சாறும் அப்படியே செய்தது. இரத்தத்தில் தேங்கிய மருந்து இதயத்தின் பொட்டாசியக் கதவு ஒன்றை அடைத்தது. செலவு அடைபட்டதால் துடிப்பு முடியாமல் இழுத்துக்கொண்டே போய், சிலருக்குத் தாளம் கெட்டு உயிரே போனது. 1998-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அந்த மாத்திரை எடுக்கப்பட்டது.

அதன் பிறகு, புதிய மருந்து எதுவானாலும் அந்தப் பொட்டாசியக் கதவை அடைக்கிறதா என்று ஆய்வுக்கூடங்கள் சோதிக்கத் தொடங்கின. நல்ல காரியம்தான். ஆனால், ஒரு கதவை மட்டும் பார்த்து வீட்டுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வெராபமில் என்ற பழைய மருந்தும் அதே கதவை அடைக்கிறது. ஆயினும் அந்த ஆபத்து அதில் மிகக் குறைவு. காரணம், அது கால்சியக் கதவையும் அடைக்கிறது. செலவு குறைந்தாலும் வரவும் குறைகிறது, கணக்கு நேராகிவிடுகிறது. எல்லாக் கதவுகளையும் சேர்த்துக் கூட்டிக் கழித்துப் பார்க்கக் கணினி வேண்டியிருக்கிறது. இதற்காக 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினரும் பல நாட்டு அறிஞர்களும் சேர்ந்து ஒரு திட்டம் வகுத்தார்கள். ஆபத்து எவ்வளவு என்று முன்பே தெரிந்த 28 மருந்துகளைக் கொண்டு கணினிக் கணக்கைச் சோதித்தார்கள். அவர்கள் அடிப்படையாகக் கொண்டது, நூற்றுக்கும் மேற்பட்ட மனித இதயங்களிலிருந்து எடுத்த அளவுகளைக் கொண்டு 2011-இல் அமெரிக்காவில் தாமஸ் ஓஹாராவும் யோரம் ரூடியும் உடன் உழைத்தவர்களும் அமைத்த உயிரணுக் கணக்கு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழுவினர் 2017-இல் 62 மருந்துகளைக் கணினியில் சோதித்து, நூற்றுக்கு 89 பங்கு சரியாகச் சொல்ல முடிந்ததைக் காட்டினார்கள். முயல் இதயத்தில் நடத்திய சோதனைகளைவிட இது கூடுதல்.

இந்த மென்பொருள்கள் இன்று ஒருவர் இருவரின் சொத்தாக இல்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் பீட்டர் ஹன்டரும் உடன் உழைத்தவர்களும், இதயத்தின் தசைநார்கள் எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகின்றன என்று நாயின் இதயத்தை நுட்பமாக அளந்து 1991-இல் வெளியிட்டார்கள். மரத்தில் கோடாரி நார்ப்போக்கில் எளிதாக இறங்குவது போல, மின்துடிப்பும் நார்ப்போக்கில் விரைவாக ஓடும். ஆகவே, அந்த அளவு இல்லாமல் முழு இதயத்தைக் கணக்கிட முடியாது. ஆக்ஸ்ஃபோர்டில் உருவான 'சேஸ்ட்', ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட 'ஓப்பன்கார்ப்' ஆகிய மென்பொருள்களை ஆராய்ச்சியாளர் எவரும் விலையின்றி எடுத்து ஆராயலாம். ஒருவர் போட்ட கணக்கை மற்றொருவர் திரும்பப் போட்டுப் பிழை பிடிக்கலாம். வகுப்பில் விடையை மட்டும் எழுதாமல் வழியையும் எழுது என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவது எதற்காக? பிழை எங்கே என்று பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தானே.

குறிப்பிட்ட ஒரு நோயாளியின் இதயத்தையே கணினியில் அமைக்கவும் முடிகிறது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடாலியா ட்ரயனோவாவின் குழுவினர், மாரடைப்பு வந்து போன 41 பேரின் இதயங்களை, காந்தப் படங்களில் தழும்பு எங்கே இருக்கிறது என்று பார்த்து, அப்படியே கணினியில் அமைத்தார்கள். பிறகு கணினி இதயத்தின் பல இடங்களில் தப்புத் துடிப்பைத் தட்டிப் பார்த்தார்கள். சுழலும் தீ பற்றிக்கொள்கிறதா? பற்றினால் அவருக்கு ஆபத்து உண்டு. மின்னதிர்ச்சிக் கருவியை மார்பில் பொருத்தலாம். பற்றாவிட்டால் அந்த அறுவையும் செலவும் அவருக்கு வேண்டாம். 2016-இல் வெளியான இந்த ஆய்வில், வழக்கமான அளவுகோலைவிடக் கணினி இதயம் நன்றாகவே முன்னறிந்து சொல்லியது.

இவ்வளவு சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கணக்கில் எழுதாததைக் கணினி தானாக அறியாது. நோபிள் முதலில் அமைத்த கணக்கில் கால்சியத்துக்குத் தனி வரவு இல்லை. அப்படி ஒன்று இதயத்தில் இருப்பது 1967-இல்தான் ஹரால்ட் ராய்ட்டர் என்பவரால் தெரியவந்தது. சோடியமே அந்த வேலையையும் செய்வதாக முதல் கணக்கு வைத்துக்கொண்டிருந்தது. துடிப்பு சரியாக வந்தது. காரணம் பாதிதான் சரி. பின்னால் வந்தவர்கள் அதைத் திருத்தினார்கள். இன்றைய கணக்குகளிலும் திருத்த வேண்டியவை இருக்கத்தான் செய்யும். ஆகவே, கணினி சொன்னதை ஆய்வுக்கூடத்தில் பார்த்து, பிறகு மனிதரிடம் எச்சரிக்கையோடு பார்த்து, மருத்துவர்தாம் முடிவு செய்கிறார்.

இதிலிருந்து நம் வீட்டுக்கு நாம் எடுத்துச் செல்ல வேண்டியது என்ன?

முதலாவது, மாத்திரைகளைக் கலந்து உண்பதில் நமக்குள்ள துணிச்சல். பக்கத்து வீட்டு அக்காளுக்குக் கேட்டது என்று அவர் மாத்திரையில் பாதியை வாங்கி விழுங்குகிறோம். ஒரு கிளினிக்கில் கொடுத்ததோடு மற்றொன்றில் கொடுத்ததையும் சேர்த்துக்கொள்கிறோம். நாட்டு மருந்து உண்பதை மருத்துவரிடம் சொல்ல வெட்கப்படுகிறோம். தனித்தனியே நல்லவையான இரண்டு மருந்துகள் சேர்ந்து என்ன செய்யும் என்பதைக் கண்டறியப் பெரிய கணினிகளே பாடுபடுகின்றன என்றால், நாம் கையில் வைத்துப் பார்த்துச் சொல்லிவிட முடியுமா? உண்ணும் மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இரண்டாவது, மயக்கம். வேலை செய்யும்போதோ ஓடி விளையாடும்போதோ ஒருவர் திடீரென்று நினைவிழந்து விழுந்தால், வெயில் என்றும் பசி என்றும் பேய் அறைந்தது என்றும் நாமே காரணம் சொல்லிவிடுகிறோம். படபடப்போடு மயக்கம் வந்தாலும், குடும்பத்தில் இளவயதில் யாரேனும் திடீரென்று இறந்திருந்தாலும் இ.சி.ஜி. எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சில நிமிட வேலை; வலி இல்லை. மார்பில் இறுக்கமும் வியர்வையும் வந்தால், வாயுப் பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்துவிடாதீர்கள். நேரத்தை வீணாக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஏற்கெனவே மாரடைப்பு வந்து மருந்து உண்பவர்கள், இன்றைய உரையைக் கேட்டுப் பயந்து மருந்தை நிறுத்திவிடக் கூடாது. சந்தேகம் இருந்தால் கொடுத்தவரையே கேளுங்கள்.

மூன்றாவது, மாணவச் செல்வங்களுக்கு. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கையும் எதற்குப் படிக்கிறோம் என்று சில பிள்ளைகள் சலித்துக்கொள்வதுண்டு. இன்று நாம் பார்த்த கணினி இதயம் முழுவதையும் பிரித்துப் பார்த்தால், அடியில் இருப்பவை இந்த நான்கும்தான். கோடிக்கணக்கான முறை, பிழையில்லாமல், பொறுமையாகப் போடப்பட்ட கணக்கு. அந்தக் கணக்கை இன்னும் திருத்த ஆள்கள் தேவைப்படுகிறார்கள். அந்த ஆள் இந்தத் தோட்டத்துப் பள்ளியிலிருந்தும் வரலாம்.

மீண்டும் ஒரு முறை உங்கள் நாடியைத் தொட்டுப் பாருங்கள். இந்த உரை தொடங்கியதிலிருந்து அது ஆயிரம் முறைக்கு மேல் அடித்திருக்கும். அது தன் கணக்கைத் தவறாமல் போட்டுக்கொண்டிருக்கிறது. நாமும் அதைக் கவனித்து நடந்துகொள்வோம்.